வலுவா, வளைவா? சுவிஸ் மலைப் பாதையில் மூன்று மோட்டார் சைக்கிள்கள்

எம்மவர்களில் பெரும்பாலானோர் தட்டையான மண்ணிலே பிறந்து வளர்ந்தவர்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வளைவு என்றால் வேலி மூலையில் திரும்பும் ஒழுங்கை. ஏற்றம் என்றால் வாய்க்காலுக்கு மேல் கட்டிய ஒரு மதகு. மலையகத்து உறவுகளுக்கு மட்டும் றம்பொடை வளைவுகளும் ஹற்றன் பாதையும் பழக்கம். ஆனால் மோட்டார் சைக்கிள் எமக்குப் புதிதல்ல. 1990களில் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், காபுரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோலை விட்டு எஞ்சினைத் தட்டியெழுப்பி, மண்ணெண்ணெயில் எம்.டி. 90 ஓடியவர்கள் நாங்கள். எஞ்சினின் அருமை எமக்குத் தெரியும். தெரியாதது மலை.

இங்கே சுவிற்சர்லாந்துக்கு வந்து வேலை ஒன்று அமைந்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் எமது இளைஞர்களின் கண் முதலில் போவது மோட்டார் சைக்கிள் மீதுதான். அதுவும் பெரிய எஞ்சின் மீது. “எத்தனை சி.சி.? எத்தனை குதிரைவலு?” என்பதே முதற் கேள்வி. பெற்றோருக்கோ அந்தப் பேச்சை எடுத்தாலே நெஞ்சு பதைக்கிறது. இரு பகுதியாரும் ஆளையாள் கத்துவதைவிட, விடயத்தை ஒருக்கால் மலையிலேயே கொண்டுபோய்ப் பரீட்சித்துப் பார்ப்பது நல்லது என்று எமக்குத் தோன்றியது. அந்தப் பயணத்தின் விபரமே இக்கட்டுரை.

மூன்று வண்டிகள், நான்கு பேர்

நாங்கள் நால்வர். மூவர் உணவகச் சமையலறைகளில் வேலை செய்பவர்கள். நாலாவது எங்கள் மருமகன், இருபது வயது. சனி, ஞாயிறு எமக்கு வேலை. அதனால் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றைத் தெரிவுசெய்தோம். அதுவும் நல்லதற்கே. வார இறுதியில் இந்தப் பாதைகளில் வாகனங்கள் எறும்பு வரிசைபோலப் போகும்.

மருமகனிடம் இருந்தது ஹோண்டா சி.பி. 500 எக்ஸ். 471 சி.சி., 47 குதிரைவலு, எடை ஏறத்தாழ 199 கிலோ. நண்பர் ஒருவரிடம் யமஹா ஆர் 6. 599 சி.சி.தான், ஆனால் 118 குதிரைவலு, எடை 190 கிலோ. ஓட்டப் பந்தயத் திடலை மனதில் வைத்துச் செய்யப்பட்ட வண்டி. மூன்றாவது பி.எம்.டபிள்யூ ஆர் 1250 ஜி.எஸ். 1254 சி.சி., 136 குதிரைவலு, எடை 249 கிலோ. அதில் இருவர் ஏறினோம்.

மருமகனுக்கு ஆர் 6 மீது தீராத ஆசை. இரண்டு வருடம் முடிய லீசிங்கில் அப்படி ஒன்றை எடுக்கப்போவதாக வீட்டிலே சொல்லிவிட்டார். அவருடைய தாய் எங்களிடம் சொன்னது ஒன்றே ஒன்று: “நீங்கள் சொன்னால் கேட்பான், கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.” அறிவுரை சொல்வதில்லை என்று நாங்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம். மலை சொல்லட்டும்.

பாதை

பேர்ண் மாநிலத்தின் இன்னெர்ட்கிர்கன் என்ற சிற்றூரில் தொடங்கி, சுஸ்டன், பூர்கா, கிறிம்செல் என்ற மூன்று கணவாய்களையும் கடந்து அதே ஊருக்குத் திரும்பிவரும் சுற்றுப்பாதை இது. மொத்தம் ஏறக்குறைய 120 கிலோமீற்றர். சுஸ்டன் கணவாய் 2,224 மீற்றர், பூர்கா 2,429 மீற்றர், கிறிம்செல் 2,164 மீற்றர் உயரம். இலங்கையின் அதியுயர்ந்த மலையான பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். எங்கள் நாட்டின் உச்சிக்குச் சற்றுத் தாழ்வான உயரத்திலே இங்கே தார் றோட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

மூன்று பாதைகளும் மூன்று காலத்தவை. பூர்கா 1860களில் குதிரை வண்டிகளுக்காக வெட்டப்பட்டது. கிறிம்செல் 1894இல் முடிந்தது. சுஸ்டன் 1938 தொடக்கம் 1945 வரை, மோட்டார் வாகனங்களை மனதில் வைத்தே கட்டப்பட்டு 1946இல் திறக்கப்பட்டது. அதனால் சுஸ்டனில் சாய்வு 9 சதவீதத்துக்கு மேற்போகாது, வளைவுகளும் அகலமானவை. மலைப் பாதை பழகுவோர் முதலில் சுஸ்டனுக்குப் போவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

சுஸ்டன்: வலு எங்கே போனது?

இன்னெர்ட்கிர்கனிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர். காட்டைக் கடந்து மேலேற, இடது பக்கம் அருவிகளும் எதிரே பனிமலைகளும் தெரியத் தொடங்கின. ஆர் 6 முன்னால் போனது. நேரான துண்டு வரும்போதெல்லாம் அது சிறு புள்ளியாகிவிடும். வளைவு வந்ததும் மருமகனின் ஹோண்டா அதன் வாலைப் பிடித்துவிடும். உச்சியில் வண்டியை நிறுத்தி மணிக்கூட்டைப் பார்த்தபோது முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் இடையே வித்தியாசம் மூன்று நிமிடம்.

“என்ன அண்ணை, 118 குதிரை கட்டி இழுத்தும் மூன்று நிமிசம்தானோ?” என்று மருமகன் கேட்டார்.

“குதிரை எல்லாம் லாயத்துக்கை நிண்டதடா. வெளியிலை விட இடமில்லை” என்றார் நண்பர்.

அந்தப் பதில் பகிடியாகச் சொல்லப்பட்டாலும் முழு உண்மை. கணக்குப் பார்த்தால் விளங்கும். ஓட்டுநரோடு சேர்த்து 280 கிலோ எடையுள்ள மோட்டார் சைக்கிள் ஒன்று 9 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஏறுவதற்கு, காற்றின் தடையையும் சேர்த்து, 8 கிலோவாற் வலுவே போதும். அது ஏறக்குறைய 11 குதிரைவலு. 125 சி.சி. வண்டியே இதைச் சமாளிக்கும். ஊர்களுக்கு வெளியே சட்டம் அனுமதிக்கும் உச்ச வேகம் 80 கிலோமீற்றர். வளைவுகளில் 25, 30க்கு மேல் போக இயலாது. அப்படியானால் மிச்ச நூறு குதிரைகளும் எங்கே ஓடுவது?

இன்னொன்று. மேலே போகப் போகக் காற்று அடர்த்தி குறைகிறது. சாதாரண எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீற்றருக்கும் ஏறத்தாழப் பத்துச் சதவீத வலுவை இழக்கும். பூர்கா உச்சியில் 118 என்பது 90 சொச்சமாகும். 47 என்பது 36, 37 ஆகும். புதிய வண்டிகளில் எரிபொருளின் அளவைக் கணினி திருத்திக்கொள்ளும்; இல்லாத காற்றை அதனால் உண்டாக்க முடியாது.

குதிரைவலுவும் முறுக்கு விசையும்

விற்பனைக் கடையில் பேசப்படும் குதிரைவலு எஞ்சின் தன் உச்சச் சுற்றில் தருவது. வளைவிலிருந்து வெளியேறும்போது எமக்கு வேண்டியது குறைந்த சுற்றிலேயே சக்கரத்தைத் தள்ளும் பலம். இதை முறுக்கு விசை என்பார்கள். துலாவிலே தண்ணீர் இறைத்தவர்களுக்கு இது இலகுவாக விளங்கும்: எவ்வளவு விரைவாக மிதிக்கிறோம் என்பது வேறு, ஒரு மிதியில் எவ்வளவு பாரம் தூக்குகிறோம் என்பது வேறு.

ஆர் 6 தனது 118 குதிரைவலுவையும் தருவது நிமிடத்துக்கு 14,500 சுற்றில். அதன் அதிகூடிய முறுக்கு விசை 61 நியூட்டன் மீற்றர் சொச்சம். அதுவும் 10,500 சுற்றில். கொண்டை ஊசி வளைவிலிருந்து மணிக்கு 30 கிலோமீற்றரில் வெளிவரும்போது முதலாம் கியரில்கூட அது அந்தச் சுற்றுக்குக் கிட்டவும் வராது. ஹோண்டாவின் 43 நியூட்டன் மீற்றர் 6,500 சுற்றிலேயே வந்துவிடும். பி.எம்.டபிள்யூவோ 6,250 சுற்றில் 143 தரும். அதனால்தான் இரண்டு பேரையும் பொதியையும் சுமந்த அந்தக் கனத்த வண்டி, இரண்டாம் கியரில் அலட்டிக்கொள்ளாமல் ஒவ்வொரு வளைவிலிருந்தும் எழும்பிப் போனது.

இது ஆர் 6இன் குறையல்ல. நீந்துவதற்குச் செய்த மீனை மரமேறச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

அண்டர்மாற்றில் மாற்றிய சாவிகள்

சுஸ்டனை இறங்கி வாஸன் ஊரை அடைந்து, கொஷெனன் ஊடாக ஷொல்லெனன் பள்ளத்தாக்கிலே ஏறினோம். இரு பக்கமும் செங்குத்தான கருங்கல். கீழே றொயிஸ் ஆறு நுரைத்துப் பாய்கிறது. அங்கேதான் பேய்ப்பாலம் இருக்கிறது. பாலத்தைக் கட்டித் தருவதற்குப் பேய் முதலில் கடந்துபோகும் உயிரைக் கூலியாகக் கேட்டதாம். ஊரார் ஓர் ஆட்டை முதலில் துரத்திவிட்டார்களாம். அவசரக்காரனை முன்னே போகவிட்ட புத்திசாலிகள்!

அண்டர்மாற்றில் தேநீர் குடித்து முடிய, வண்டிகளை மாற்றினோம். மருமகனுக்கு 35 கிலோவாற்றுக்கு உட்பட்ட அனுமதிப்பத்திரம் மட்டுமே. ஆகவே அவர் ஜி.எஸ். வண்டியின் பின் இருக்கையில் ஏறினார். ஆர் 6இன் சொந்தக்காரர் ஹோண்டாவை எடுத்தார். எங்களில் முழு அனுமதி உள்ள மற்றவர் ஆர் 6இல் ஏறினார்.

றியால்ப் ஊரைத் தாண்டியதும் பூர்கா தொடங்குகிறது. 1964இல் வெளிவந்த ஜேம்ஸ் பொண்ட் படமான “கோல்ட் ஃபிங்கர்” படத்தின் சில காட்சிகள் இந்தக் கணவாயிலே படமாக்கப்பட்டன. சில இடங்களில் பாதை ஒடுக்கம். ஓரத்தில் பல இடங்களில் கம்பித் தடுப்புக் கிடையாது. வரிசையாக நட்ட கற்கள் மட்டும். அதற்கு அப்பால் வெறும் காற்று. இங்கேதான் அன்றைய நாளின் பாடம் கிடைத்தது. காலையில் ஆர் 6இலே வளைவுக்கு வளைவு தோளை இறுக்கிக்கொண்டு போன அதே மனிதர், பாதிக்கும் குறைந்த வலுவுள்ள வண்டியில் தண்ணீர் ஓடுவதுபோல ஓடினார். உயரமான, அகலமான கைபிடி, நிமிர்ந்த இருப்பு, வளைவுக்கு அப்பால் பார்க்க வசதி. ஆர் 6இலோ கைபிடி தாழ்வு. உடம்பு முன்னால் குனிந்து நிற்கும். இறக்கத்தில் பாரமெல்லாம் மணிக்கட்டிலே. அதை ஓட்டியவர் கிளெற்ஷ் போய் இறங்கியதும் இரண்டு கையையும் உதறிக்கொண்டு நின்றார்.

மருமகன் பின் இருக்கையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

வளைவைக் கையாளும் விதம்

கணவாய்க்குப் போக எண்ணும் எமது பிள்ளைகளுக்காகச் சில விடயங்களை இங்கே விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, வேகம். பத்து மீற்றர் ஆரையுள்ள கொண்டை ஊசி வளைவில் 25 கிலோமீற்றர் வேகத்தில் போனால் வண்டி ஏறத்தாழ 26 பாகை சாயவேண்டும். 35 கிலோமீற்றராக்கினால் 44 பாகை. வெறும் பத்துக் கிலோமீற்றர் வித்தியாசம், சாதாரண சாய்வை விழும் சாய்வுக்குக் கிட்டக் கொண்டுபோகிறது. ஆகவே பிறேக் பிடிப்பதும் கியர் குறைப்பதும் வளைவுக்கு முன்னரே முடியவேண்டும். உள்ளே போனபின் முன் பிறேக்கை இறுக்கிப் பிடித்தால் வண்டி வழுக்கும் அல்லது நிமிர்ந்து நேரே போகும்.

இரண்டாவது, கண். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். தலையைத் திருப்பி, வளைவு முடியும் இடத்தைப் பார்க்கவேண்டும். கை தானாகப் பின்தொடரும்.

மூன்றாவது, பக்கம். இதை எம்மவர்கள் விசேடமாகக் கவனிக்கவேண்டும். நாங்கள் ஊரிலே இடது பக்கம் ஓடியவர்கள். இங்கே வலது பக்கம். ஊரில் எமக்குக் கிட்டிய இறுக்கமான வளைவு இடது வளைவு. இங்கே அது வலது வளைவு. இடது வளைவில் சக்கரம் எமது பக்கத்தில் இருந்தாலும், சாயும்போது தலையும் தோளும் நடுக்கோட்டைத் தாண்டி எதிரே வரும் வாகனத்தின் பாதைக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே வளைவு முழுவதும் கண்ணுக்குத் தெரியும்வரை வெளிப்பக்கமாகவே நிற்கவேண்டும். வருடக் கணக்கில் பழகிய கண்ணை மாற்றுவதற்கு நாள் எடுக்கும். மலையில் அல்ல, கீழே சமதரையில் அந்த நாட்களைச் செலவழிக்கவேண்டும்.

நான்காவது, இறக்கம். ஏற்றத்தைவிட இறக்கமே ஆபத்து. கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்க விடவேண்டும். பிறேக்கையே நம்பி நெடுந்தூரம் இறங்கினால் அது சூடேறிப் பிடி தளரும். வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவு சூடு. வாகனப் பயிற்சியில் சொல்லித்தரும் கணக்கை மனதில் வைத்திருங்கள்: 50 கிலோமீற்றரில் முழுதாக நிற்க 40 மீற்றர் வேண்டும்; 80இல் 88 மீற்றர். இந்த மலையில் 88 மீற்றர் தூரத்துக்குப் பாதை தெரியும் இடங்கள் எத்தனை?

ஐந்தாவது, தரை. வளைவில் சிந்திக் கிடக்கும் சிறுகல், மாட்டுச் சாணம், பனி உருகி ஓடும் நீர், வெடிப்புகளை அடைத்த கறுப்புத் தார்க் கோடுகள் என்பன ரயரின் பிடியைப் பறிக்கும். குளிரையும் மறக்கவேண்டாம். ஆயிரம் மீற்றருக்கு ஆறு பாகைக்கு மேல் வெப்பம் குறையும். கீழே 25 பாகை என்றால் பூர்காவில் 13தான். விறைத்த விரலால் பிறேக்கைச் சரியாக உணர முடியாது.

வலு தேவைப்படும் இடம்

நியாயமாகச் சொன்னால், வலு வீணே என்று நாம் சொல்லவரவில்லை. சுஸ்டன் இறக்கத்துக்குப் பிறகு மெதுவாகப் போன வீட்டுவண்டி ஒன்றை நேரான துண்டில் கடக்கும்போது பி.எம்.டபிள்யூவும் யமஹாவும் இரண்டு வினாடியில் முடித்தன. ஹோண்டா அடுத்த நேர்ப்பாதைவரை பொறுத்திருந்தது. மனைவியைப் பின்னால் ஏற்றி, பொதியும் கட்டி ஏறுபவருக்கு மிகச் சிறிய எஞ்சின் களைப்பைத் தரும். ஆனால் அங்கேயும் உதவியது குறைந்த சுற்றில் வரும் பலமே. உச்சச் சுற்றில் வரும் வலு அல்ல.

கிளெற்ஷிலிருந்து கிறிம்செல் ஏறினோம். பூர்கா சரிவிலே றோன் பனியாறு. அது உருகாதிருக்கக் கோடையில் அதன் ஒரு பகுதியை வெள்ளைத் துணியால் போர்த்தி வைக்கிறார்கள். அதிலிருந்து பிறக்கும் ஆறு ஜெனீவா ஊடாக மத்தியதரைக் கடலுக்குப் போகிறது. கிறிம்செலின் மறுபுறத்திலோ ஆரே ஆறு பிறக்கிறது. பேர்ணிலே எமது பிள்ளைகள் கோடையில் குதித்து நீந்தும் அதே ஆறு. அதன் கரையோடு குட்டானன் ஊடாக இறங்கி, மாலையில் புறப்பட்ட இடத்தை அடைந்தோம்.

சட்டமும் குடும்பமும்

புதிதாக வந்தோர் அறியவேண்டியவை சில. வெளிநாட்டு அனுமதிப்பத்திரத்தோடு இங்கே 12 மாதம் மட்டுமே ஓடலாம். இலங்கைப் பத்திரத்தை மாற்றுவதற்கு ஒரு சோதனை ஓட்டம் உண்டு. அதில் தவறினால் அதே சோதனையை இரண்டாம்முறை செய்ய இயலாது. பயிலுநராகத் தொடக்கத்திலிருந்தே வரவேண்டும். ஆகவே முதலில் சில பாடங்கள் எடுத்தபின் போவது புத்தி. புதிதாகப் பழகுவோருக்கு 12 மணித்தியாலக் கட்டாயச் செய்முறை வகுப்பு உண்டு. 2021 தை முதலாம் திகதி தொடக்கம், சில தொழில் செய்வோர் தவிர்ந்த ஏனையோர் 35 கிலோவாற் வகையில் இரண்டு வருடம் ஓடிய பின்னரே பெரிய வண்டிக்குத் தேர்வு எழுதலாம். இந்த இரண்டு வருடத்தைத் தண்டனையாக எண்ணவேண்டாம். மலை பழகுவதற்குச் சட்டம் தந்த காலம் அது.

மலைப் பாதையில் எதிரெதிரே வந்து இடம் போதாவிட்டால் இறங்கும் வாகனமே முதலில் நிற்கவேண்டும். மஞ்சள் நிறத் தபால் பேருந்தின் மூன்று சுரக் குழல் வளைவுக்கு அப்பால் கேட்டால், ஓரங்கட்டி அதன் சாரதி சொல்வதைக் கேளுங்கள். 80 பாதையில் 140இல் பிடிபட்டால் அது தண்டப்பணத்தோடு முடியாது. சிறைத்தண்டனைக்குரிய குற்றம், அனுமதிப்பத்திரம் வருடக் கணக்கில் போகும், வண்டியும் பறிபோகலாம். வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் வேளையிலும் அந்தப் பதிவு குறுக்கே வந்து நிற்கலாம். ஒரு குடும்பம் எத்தனை வருடம் காத்திருந்து பெற்ற பத்திரம் அது என்பதைப் பிள்ளைகள் நினைக்கவேண்டும். பெற்றோரும் “வேண்டாம்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், நல்ல தலைக்கவசத்துக்கும் கையுறைக்கும் மேலதிக வகுப்புக்கும் காசு கொடுத்து உதவவேண்டும். குதிரைவலுவுக்குக் கட்டும் லீசிங் காசைவிட அது மலிவு.

மருமகன் தன் ஹோண்டாவை இன்னும் விற்கவில்லை. “இதிலை எனக்கு இன்னும் கன விசயம் பழகக் கிடக்குது மாமா” என்றார். ஆர் 6 ஆசை போய்விட்டதா என்று நாங்கள் கேட்கவில்லை. ஆசை போகத் தேவையுமில்லை. ஆசைக்கு முன்னால் கை பழகவேண்டும், அவ்வளவே.

மோட்டார் சைக்கிள் இல்லாத குடும்பங்களும் இந்த மலைகளைப் பார்க்கலாம். கணவாய்கள் பொதுவாக ஆனி தொடக்கம் ஐப்பசி வரை திறந்திருக்கும். கோடையில் தபால் பேருந்துகள் மூன்றிலும் ஏறி இறங்கும். முன் இருக்கையில் பிள்ளைகளை இருத்தி, அந்தச் சாரதி ஒரு கொண்டை ஊசி வளைவை எப்படி எடுக்கிறார் என்று பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பெரிய பேருந்தை அவர் அவசரப்படாமல், முழு வளைவும் கண்ணில் விழும்வரை காத்திருந்து திருப்புவார். மலையில் ஓடுவது எப்படி என்பதை அவரைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது.